பருத்திக் காய்ப்புழு, இரண்டாம் பகுதி

ஓய்வு பெற்ற பிறகு ஹைதர் பருத்தி விவசாயம் பற்றிய இசைத்தட்டுகளை வாங்கத் தொடங்கினார். சோவியத் காலத்தில் கூட்டுப்பண்ணை மன்றங்களுக்கு அனுப்புவதற்காகவே அச்சிட்ட தட்டுகள் அவை. ஒரு வேளாண் அதிகாரி நாற்பது நிமிடம் பேசுவார். நடுவில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. ஹைதர் ஞாயிறுதோறும் யங்கியாபாத் சந்தைக்குப் போவார். எப்போதாவது கிடைத்தால் ஒன்றோ இரண்டோ அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்புவார். வீட்டிலிருந்த ரெக்கார்டு பிளேயர் பழுதாகிப் பத்து வருஷம் ஆகியிருந்ததால் அவற்றைப் போட்டுக் கேட்கவும் வழியில்லை.

"ஜன்னல்ல ஒரு செடி வெச்சதில்ல. இந்த மனுஷனுக்குப் பருத்தி மேல அப்படி என்ன காதல்" என்று அவர் மனைவி இருந்தவரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஹைதர் சிரிப்பதோடு சரி. தாஷ்கென்ட்டின் இசைத்தட்டு ஆலையில், பொட்டலம் கட்டும் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். ஆலை மூடியதும் ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளியாக இருந்தார். பழைய வேலையின் ஞாபகத்துக்கு வாங்குகிறார் என்று பிள்ளைகள் விட்டுவிட்டார்கள்.

பிப்ரவரியில் ஹைதர் இறந்துபோனார். ஏப்ரலில் மகள் மவ்லூதாவும் மகன் எர்காஷும் நகரத்தின் சிலான்சார் பகுதியில் இருந்த அவருடைய குடியிருப்பைக் காலி செய்தார்கள். மவ்லூதா கணக்கு ஆசிரியை. எர்காஷ் அவளைவிட ஐந்து வயது இளையவன், டாக்ஸி ஓட்டுகிறான். அவனுடைய நெக்சியா காரின் இஞ்சின் அந்தக் குளிர்காலம் முழுக்க இருமிக்கொண்டே இருந்தது.

"அக்கா, பருத்தி மட்டும் நாப்பத்தொண்ணு இருக்கு" என்றான் எர்காஷ், அலமாரியின் கீழ்த்தட்டில் தலையை விட்டபடி. "இதுல பாதி ஒரே தட்டு. பருத்திக் காய்ப்புழு, ரெண்டாம் பகுதி. முதல் பகுதி ஒண்ணுகூட இல்ல. புழு எப்படி வந்துச்சுன்னு தெரியாமலே ஒழிச்சிருக்காரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவற்றையும் வீட்டிலிருந்த பழைய பாட்டுத் தட்டுகளையும் காரில் ஏற்றி யங்கியாபாத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே பழைய தட்டு என்றால் ரொமான் லிகாய்தான். ஹைதரும் அவரிடம் வாங்கியவர்தான். கொரிய வம்சத்தவர், அறுபது வயது, சந்தையின் நடுவில் இரும்புத் தகரக் கூரையின் கீழ் கடை. டப்பாவில் இருந்த கேரட் ஊறுகாயைக் குச்சியால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டுப் பாட்டுத் தட்டுகளைப் பார்த்தார். சீக்கிரமே பிரித்து, ஒரு விலை சொன்னார். நியாயமான விலைதான்.

"பருத்தியை என்ன பண்றது?" என்று கேட்டாள் மவ்லூதா.

"அத சும்மாவே எடுத்துக்கங்க. சூடான டீ வைக்க ஆகும்" என்றான் எர்காஷ்.

ரொமான் சிரிக்கவில்லை. பருத்தித் தட்டுகளின் கட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டாக உறையிலிருந்து உருவினார். நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். விளிம்பை நகத்தால் தடவினார். உள்ளே வைத்தார். அடுத்தது. எர்காஷ் போய் மூன்று சம்சா வாங்கிக்கொண்டு வந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தார். முப்பத்தாறிலோ ஏழிலோ அவர் நகம் நின்றது.

"இது எங்க வாங்கினாரு உங்கப்பா?"

"உங்ககிட்டதான் வாங்கியிருப்பாரு."

"என்கிட்ட இல்ல. இது என் கை வழியா வந்திருந்தா எனக்குத் தெரியும்." அவர் தட்டை மவ்லூதாவிடம் நீட்டினார். "தடவிப் பாருங்கம்மா. காகிதத்துக்கு மேல காகிதம். மேல பருத்தி, அடியில வேற."

பிறகு மெதுவாகச் சொன்னார். எழுபத்தொன்பதில் யஃபா என்று ஒரு பாடகி இருந்தாள். புகாரா யூதப் பெண். பதினாறு பேர் கொண்ட இசைக்குழுவோடு ஒரே ஒரு பெரிய தட்டு பாடினாள். தட்டு கடைக்கு வர இருந்த சமயம் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போய்விட்டாள். நாட்டை விட்டுப் போனவளின் குரல் இங்கே கேட்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வானொலியில் இருந்த நாடாக்களை அழித்தார்கள். அச்சிட்ட தட்டுகள் அரைவை இயந்திரத்துக்குப் போயின. ஒன்றுகூட மிச்சமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடி ஜப்பான்காரர் ஒருத்தர் வேடிக்கைக்காக ஒரு பருத்தித் தட்டு வாங்கிட்டுப் போயிருக்காரு. ஊர்ல போய்ப் போட்டா புழுவைக் காணோம். யஃபா பாடுறா. அதுலேருந்து உலகம் பூரா தேடுறாங்க. இதுவரைக்கும் பதினொண்ணு கிடைச்சிருக்கு. இது பன்னெண்டாவது. யாரு ஒட்டினது, ஏன் ஒட்டினதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"என்ன விலை போகும்?" என்று கேட்டான் எர்காஷ், சம்சாவைக் கீழே வைத்துவிட்டு.

"நல்லா ஓடுற பழைய மாட்டிஸ் கார் ஒண்ணு வாங்கலாம்."

பக்கத்துக் கடையில் யாரோ ஓர் அக்கார்டியனை வாசித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"சும்மா எடுத்துக்கங்கன்னு இவன் சொன்னானே. அப்பவே எடுத்து உள்ள போட்டிருக்கலாமே நீங்க" என்றாள் மவ்லூதா.

"போட்டிருக்கலாம்" என்றார் ரொமான். "ஆனா உங்கப்பா ஒன்பது வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இந்த ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சவரு. அவரு மூஞ்சி ஞாபகம் வருதில்ல."

மவ்லூதா உறையை எடுத்துப் பார்த்தாள். உள் மடிப்பில், பென்சிலில், ஆறு இலக்கம். அப்பாவின் கையெழுத்து, ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவார். "இது விலை இல்ல. டெலிபோன் நம்பர். பழைய நம்பர்."

"அக்கா, முதல்ல வித்துரலாம். நம்பர அப்புறம் பாக்கலாம்" என்றான் எர்காஷ்.

"முதல்ல நம்பர்."

நகரத்தின் ஆறு இலக்க எண்கள் எப்போதோ ஏழு இலக்கமாகியிருந்தன. அப்பா அந்தப் பழைய எண்ணையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, கிடைக்காமல் அலுத்திருப்பார். மவ்லூதா முன்னால் ஓர் இரண்டைச் சேர்த்து அழைத்தாள். ஓர் இளம்பெண் எடுத்தாள். இந்த வீட்டில் முன்பு தத்தார் இனத்து அம்மா ஒருவர் இருந்தார், பெயர் ஃப்லூரா, எட்டு வருஷத்துக்கு முன் மகனோடு பக்கத்து ஊரான சிர்ச்சிக்குக்குக் குடிபோய்விட்டார் என்று சொல்லி, மகனின் கைபேசி எண்ணையும் தேடிக் கொடுத்தாள்.

மகனிடம் முகவரி வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை மூவருமாகச் சிர்ச்சிக்குக்குப் போனார்கள். ரொமான் தானாகவே வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார். மடியில் பெட்டி வடிவில் ஒரு கையடக்க ரெக்கார்டு பிளேயர். "எனக்கு வாங்கவும் வேண்டாம், விக்கவும் வேண்டாம். விஷயம் தெரிஞ்சா போதும்" என்றார்.

ஐந்தாவது மாடி. லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்த பெண்மணிக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். தலையில் வெள்ளைத் துணி கட்டி, கையில் மாவோடு நின்றார். மவ்லூதா தன் பெயரைச் சொல்வதற்குள் அவருடைய கண் அவள் கையிலிருந்த உறையில் விழுந்துவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டாரா?" என்று கேட்டார் ஃப்லூரா. பிறகு அவர்களுக்குப் பின்னால் மாடிப்படியை எட்டிப் பார்த்தார். "எங்க அவரு? மெதுவா ஏறி வர்றாரா?"

"அப்பா பிப்ரவரில இறந்துட்டாரு அத்தை" என்றாள் மவ்லூதா.

ஃப்லூரா நகர்ந்து வழிவிட்டார். கையைக் கழுவி, உள்ளங்கைகளை ஏந்தி இறைவனிடம் வேண்டி, முகத்தைத் தடவிக்கொண்டார். அதன் பிறகு அடுப்பில் தண்ணீர் வைத்தார். பச்சைத் தேநீரும் தேன் பாகில் உருட்டிய சக்-சக் பலகாரமும் மேசைக்கு வந்தன.

"நானும் அவரும் ஒரே மேஜை. பொட்டலம் கட்டுற பிரிவு" என்று அவராகவே ஆரம்பித்தார். "என் தம்பி ரினாத் அந்த இசைக்குழுவுல கிளாரினெட் வாசிச்சான். அந்த வருஷம் மே மாசம் கிட்னி போய்ச் செத்துட்டான். இருபத்தொன்பது வயசு. ஆகஸ்ட்ல தட்டு அச்சாகி எங்க மேஜைக்கு வருது. தொடுறப்பெல்லாம் இதுக்குள்ள என் தம்பி இருக்கான்னு நினைச்சுக்குவேன். அக்டோபர்ல காகிதம் வருது, எல்லாத்தையும் அரைச்சிருன்னு. வானொலில இருந்ததும் போச்சு. அவன் மூச்சு வேற எங்கயும் இல்ல. அரைக்கிற மெஷின் பக்கத்துல நின்னு அழுதேன். பாடகிக்காக அழுறேன்னு யாராவது மேலிடத்துக்கு எழுதிப் போட்டுருவாங்களோன்னு அதுக்கும் பயம்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"உங்கப்பா என்னிக்கு என்ன சொன்னாரு? பக்கத்துல வந்து, 'வீட்டுல மாவு இருக்கா'ன்னாரு. இருக்குன்னேன். 'நாளைக்குக் கஞ்சி காய்ச்சி எடுத்துட்டு வா, கட்டியா'ன்னாரு. அவ்வளவுதான்."

பருத்திச் சொற்பொழிவுத் தட்டுகளுக்கான லேபிள்கள் ஆலையில் கட்டுக்கட்டாக மிச்சம் கிடந்தன. மூன்று நாள், மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில், கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, அந்தக் கஞ்சியைத் தடவி யஃபாவின் தட்டுகள்மேல் அவற்றை இருவரும் ஒட்டினார்கள். இருநூறு தட்டு. பருத்தி உறையில் போட்டு, உண்மையான பருத்தித் தட்டுகளோடு கலந்து, பட்டியலில் இருந்ததிலேயே தூரமான கூட்டுப்பண்ணை மன்றங்களுக்கு ஹைதர் முகவரி எழுதினார். மிச்சம் ஆயிரத்து முந்நூறை அவரே இயந்திரத்தில் போட்டார்.

"அங்க யாராவது போட்டுக் கேட்டிருந்தா மாட்டியிருப்பீங்களே" என்றான் எர்காஷ்.

"காய்ப்புழு, ரெண்டாம் பகுதி" என்றார் ஃப்லூரா. "நீ போட்டுக் கேப்பியா?"

ரொமான் தேநீர் புரையேறச் சிரித்தார்.

"வீட்டுக்கு ஒண்ணும் எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. ஒரு வருஷம் யாரு கதவத் தட்டினாலும் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டுத்தான் திறப்பேன். அப்புறம் நாடே மாறிப்போச்சு, ஆலையும் மூடிட்டாங்க. பல வருஷம் கழிச்சு ஒருநாள் பஸ் ஸ்டாப்புல பாத்தேன். 'ஹைதர், சாகறதுக்குள்ள ஒரு தடவை அவன் வாசிக்கிறத கேக்கணும்'னு சொன்னேன். 'பாப்போம்'னாரு. பஸ் வந்துருச்சு, ஏறிப் போயிட்டாரு. மறந்திருப்பாருன்னு நினைச்சேன்."

மவ்லூதா முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னலைப் பார்த்தாள். அன்று அலமாரியில் எர்காஷ் நாற்பத்தொன்று என்று எண்ணிச் சொன்னது அவள் காதில் திரும்பக் கேட்டது.

ரொமான் மேசையில் இடம் ஒதுக்கி, பிளேயரைத் திறந்து, முள்ளைத் துடைத்து மெதுவாக இறக்கினார். கொஞ்சம் கரகரப்பு. பிறகு வயலின்களும் தாயிரா என்ற மேளமும், அதற்கு மேல் யஃபாவின் கனத்த குரல். முதல் பாட்டில் கிளாரினெட் இரண்டு இடத்தில் எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. ஃப்லூரா அசையவில்லை. இரண்டாவது பாட்டு முடிந்தது. மூன்றாவதில் பாடகி ஓர் அடியை முடித்து நிறுத்தினாள். தாயிரா மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகு கிளாரினெட் தனியாக உள்ளே வந்தது.

"லேட்" என்றார் ஃப்லூரா.

"என்ன அத்தை?"

"லேட்டா நுழையறான். எப்பவும் அரை மூச்சு லேட்டாத்தான் வருவான். குழுத் தலைவர் இதுக்குத்தான் அவனத் திட்டுவாரு. தட்டுல பதிய வைக்கிறப்பகூட நேரத்துக்கு வரல பாரு." அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தார். "இன்னொரு தடவை போடுங்க. அந்த இடம் மட்டும்."

ரொமான் மூன்று முறை போட்டார். நான்காவது முறைக்கு ஃப்லூரா வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"இந்த மாதிரிப் பழைய தட்டு இப்ப ரொம்ப விலை போகுதாமே" என்றார். "எடுத்துட்டுப் போங்க. கேட்டாச்சு. இந்தத் தம்பி டாக்ஸிதானே ஓட்டுது? கீழ வண்டி இருமிட்டே வந்து நின்ன சத்தம் மேல கேட்டுச்சே. வித்து அதச் சரி பண்ணு."

மவ்லூதா தம்பியைப் பார்த்தாள். நீங்களே வெச்சுக்கங்க என்று வாய் திறக்க வேண்டியது தான்தான், அவன் முகம் சுருங்கும், வீடு போகும்வரை சண்டைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் எர்காஷ்தான் முதலில் பேசினான்.

"அப்பா வாங்கின சாமான் அத்தை. யாருக்குன்னு நம்பரும் போட்டு வெச்சுட்டுப் போயிருக்காரு. இதுல நான் என்ன பண்றது. வெச்சுக்கங்க."

ரொமான் பிளேயரை மூடவில்லை. "இதுவும் இங்கேயே இருக்கட்டும்" என்றார். "தட்ட வெச்சுக்கிட்டு முறைச்சுப் பாத்துட்டா இருப்பாங்க." கிளம்பும்போது ரினாத்தின் முழுப் பெயரையும் கேட்டு, சட்டைப்பையிலிருந்த சீட்டில் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டார். தட்டின் உறையில் பாடகி பெயரும் குழுத் தலைவர் பெயரும் மட்டுமே அச்சிட்டிருந்தார்கள் என்று ஃப்லூரா சொன்னார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் எர்காஷ் கேட்டான்.

"மொத்தம் இருநூறுன்னாங்கல்ல? பன்னெண்டு போனா மிச்சம்?"

"நூத்தி எண்பத்தெட்டு" என்றாள் மவ்லூதா.

"எங்கயோதானே இருக்கும்."

ஃப்லூராவுக்கு ஏழெட்டு கூட்டுப்பண்ணைகளின் பெயர்கள் ஞாபகம் இருந்தன. கூட்டுப்பண்ணைகளும் இல்லை, பெயர்களும் மாறிவிட்டன. ஆனாலும் எர்காஷ் அந்தக் கோடை முழுக்க, தூரத்துச் சவாரி கிடைக்கும்போதெல்லாம், இறக்கிவிட்ட இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய் விசாரித்தான். ஒரு மன்றம் கல்யாண மண்டபம் ஆகியிருந்தது. இன்னொன்றில் சோபா செய்துகொண்டிருந்தார்கள். ஜிசாக் பக்கம் ஒரு மன்றத்தின் தட்டுகளைப் பையன்கள் வீசி விளையாடி எப்போதோ முடித்திருந்தார்கள். ரொமானும் அவனும் வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்வார்கள்.

செப்டம்பர் கடைசியில் குலிஸ்தானுக்கு அப்பால், மிர்சாசூல் சமவெளியில், ஒரு மன்றம் அப்படியே நின்றது. நொர்பாய் என்ற நடுவயதுக்காரர்தான் பொறுப்பாளர். கிட்டங்கியைத் திறந்து விட்டார். கொடிக்கம்புகள், கிழிந்த மேளம், தலைவர்களின் படங்கள். அவற்றுக்கு அடியில் கயிறு கட்டிய, கயிறே அவிழ்க்காத ஓர் அட்டைப்பெட்டி.

"அதுவா? எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார் நொர்பாய். "வியாழக்கிழமை குப்பை வண்டி வருது. உங்களுக்கு ஒரு நன்றி, எனக்கு ஒரு சுமை குறையும்."

எர்காஷ் பெட்டியைக் காருக்குக் கொண்டுவந்து பிரித்தான். இருபத்தைந்து தட்டு. ரொமான் செய்ததைப் போலவே ஒவ்வொன்றாக நகத்தால் தடவினான். பத்தொன்பது தட்டுகளில் நகம் தட்டியது. கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அக்காவை அழைத்தான். அவள் வகுப்பிலிருந்து வெளியே வந்து பேசினாள்.

"பத்தொம்பது அக்கா. அந்த ஆளு சும்மா எடுத்துக்கோன்னுட்டாரு. குப்பை வண்டிக்கு வெச்சிருந்ததாம்."

"ரொமான்கிட்ட நாமளும் சும்மா எடுத்துக்கங்கன்னுதான் சொன்னோம்."

"அதச் சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் உனக்குப் போன் பண்ண வேண்டாம்னு பத்து நிமிஷமா உக்காந்திருந்தேன்."

"பண்ணிட்டியே" என்றாள் மவ்லூதா.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனான். சொன்னதை நொர்பாய் நம்பவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நகரத்துக்காரன் ஏதோ விற்க வந்திருக்கிறான் என்று நினைத்தார். எர்காஷ் ரொமானை அழைத்துப் போனை அவர் காதில் வைத்தான். நொர்பாயின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பாதி மன்றத்துக்கு, பாதி எர்காஷுக்கு. பத்தொன்பதும் ஒரே நாளில் வெளியே வந்தால் மறுநாள் அதை ஒருவரும் சீண்ட மாட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு, அதற்கு மேல் கூடாது என்றார் ரொமான். ஒவ்வொரு தட்டோடும் ஒரு சீட்டுப் போக வேண்டும், அதில் கிளாரினெட் வாசித்தவரின் பெயர் இருக்க வேண்டும் என்றான் எர்காஷ். சீட்டை எழுதும் வேலை மவ்லூதாவின் தலையில் விழுந்தது. முதல் தட்டு ஹாலந்துக்குப் போனது. நெக்சியாவுக்குப் புது இஞ்சின் வந்தது. மன்றத்தின் கூரையில் ஒழுகிய பக்கம் அடைபட்டது.

நொர்பாய் இன்னொன்றும் கேட்டிருந்தார். நாற்பத்து மூன்று வருஷம் எங்கள் கிட்டங்கியில் கிடந்த பாட்டை நாங்களும் ஒருமுறை கேட்க வேண்டாமா என்று.

அக்டோபரில், பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு நண்பகலில், எர்காஷ் ஃப்லூராவை அங்கே அழைத்துப் போனான். வழி முழுக்க அவர் பிளேயரை மடியிலிருந்து இறக்கவில்லை. நொர்பாய் அதை மன்றத்தின் ஒலிபெருக்கியோடு இணைத்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு, முலாம்பழம் அறுத்து வைத்திருந்தார்கள். யஃபாவின் குரல் தூணில் கட்டிய குழாய் வழியாக வயல்வரை போனது. சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்த பெண்கள், இடுப்பில் கட்டிய பருத்திப் பையோடு வேலியோரம் நின்றார்கள்.

முதல் பாட்டு முடிந்தபோது அவர்களில் ஒருத்தி ஃப்லூராவிடம் கேட்டாள். "நடுவுல ஊதினது யாரு அத்தை? குழைஞ்சு குழைஞ்சு வந்துச்சே."

"என் தம்பி" என்றார் ஃப்லூரா.

"அதுக்குள்ள நிறுத்திட்டாரே."

"உக்காரும்மா. மூணாவது பாட்டுல திரும்ப வருவான்" என்று சொல்லி, ஃப்லூரா பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.